படிப்பதற்கல்ல, பார்ப்பதற்கு

"ஒன்பதாவது தட்டுல என்ன வெச்சேன்னு சொன்ன?"

தோமஸ் மூன்றாவது முறையாகக் கேட்டார். முதல் இரண்டு முறையும் வினிஃப்ரெட் ஒரே பதிலைத்தான் சொன்னாள். சில பதில்களைக் காது கேட்டுக்கொண்டாலும் வயிறு ஏற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும்.

"கோப்பித் தூள் பாக்கெட்டுலா. காடி நிறுத்தற இடத்துல அடுக்கி வெச்சிருக்கீங்களே, கறுப்புப் பாக்கெட்டு, தங்க எழுத்து. கேக்குக் கடைக்காரன் கடைசி நேரத்துல காலை வாரிட்டான். எட்டுத் தட்டோட சம்மந்தி வீட்டை அனுப்ப முடியுமா? தட்டு ஒத்தப்படையா இருக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வினி, அது கோப்பி இல்ல."

"பின்ன?"

"நம்ம ஆட்டுப் புழுக்கை."

வினிஃப்ரெட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். நிச்சயதார்த்தத் தட்டில், வெற்றிலை பாக்குக்கும் பட்டுப் புடவைக்கும் நடுவில், ரோஜாப்பூ சுற்றி வைத்து, ஆட்டுப் புழுக்கை. அதை எடுத்துக் கொடுத்ததும் அவள் கைதான்.

"அலமாக்" என்றாள். வேறென்ன சொல்வது?

குற்றம் வினிஃப்ரெட்டின் மேல் மட்டும் இல்லை. லாயாங் லாயாங்கில் தோமஸைப் போல ஆடு வளர்ப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் எருவை அரிசிக் கோணியில் கட்டி, காய்கறித் தோட்டக்காரர்களுக்கு விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தோமஸும் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளாக அப்படித்தான் செய்துவந்தார். ஆனால் அவர்களுக்கு ஜோகூர் பாருவில் டிசைன் வேலை பார்க்கும் மகள் இல்லை. தோமஸுக்கு இருந்தாள்.

"பொருள் நல்லா இருக்குப்பா, பாக்கெட்டுதான் சரியில்ல" என்றாள் ஜாக்லின் ஒருநாள். புழுக்கையைக் காயவைத்து, தூளாக அரைத்து, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை, வெளியே கறுப்புப் பை என்று அவளே ஏற்பாடு செய்தாள். பையின் மேல் எழுத்து என்று ஒன்று போட்டாள். அந்த எழுத்தில்தான் வந்தது வினை.

அந்த எழுத்தில் தடித்த கோடு தூண் பருமன் இருக்கும். மெல்லிய கோடு தலைமுடி அளவுதான் இருக்கும். இடைப்பட்ட கோடு என்பதே கிடையாது.

"இந்த வித்தியாசம்தான்பா இதோட அழகு. செண்டு, கைக்கடிகாரம், ஃபேஷன் புக்கு, பெரிய பெரிய பிராண்டு எல்லாம் இப்ப இந்த மாதிரி எழுத்துதான்."

"புழுக்கைக்குமா?"

"ஏன், புழுக்கைக்கு ஒரு மரியாதை வேணாமா?"

தோமஸ் ஆட்டுப் படமாவது போடலாமே என்று கெஞ்சிப் பார்த்தார். ஆட்டைக் காட்டினால் விலை இறங்கிவிடும் என்றாள். அச்சடித்து வந்தபோது இன்னொரு கூத்து. மலிவான அச்சகத்தில் கொடுத்ததால் தலைமுடிக் கோடுகள் பையில் ஒட்டவே இல்லை. ஆட்டு எரு என்று மலாயில் எழுதியிருந்த இடத்தில் தங்கத் தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன.

"எங்கேம்மா படிக்கிறது இதை?"

"படிக்கிறதுக்கு இல்லப்பா, பார்க்கறதுக்கு."

பார்த்தவர்கள் வாங்கினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜோகூர் பாருவில் மாடி வீட்டில் பூச்செடி வைத்திருக்கும் சீமாட்டிகள் கோணி எருவுக்குக் கொடுக்காத விலையைக் கொடுத்து வாங்கினார்கள். தோமஸும் வாயை மூடிக்கொண்டார். லாபம் வரும்போது யார்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்?

இப்போது அந்தப் பாக்கெட் பத்து பாகாட்டில், மாப்பிள்ளையின் தாயார் எவ்லின் வீட்டில் இருக்கிறது.

எவ்லின் சாதாரண ஆள் இல்லை. மகன் கில்பர்ட்டுக்கு முன்பு பேசிய சம்பந்தத்தை, பெண் வீட்டார் கொடுத்த சர்பத்தில் ஒரு எறும்பு கிடந்தது என்று நிறுத்தியவர். எறும்புக்கே அப்படியென்றால் புழுக்கைக்கு என்ன செய்வார்? வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கப்போகிறார்கள். ஜாக்லினுக்கு முப்பத்து மூன்று வயது. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் தள்ளிவிட்டவள், கில்பர்ட்டைப் பார்த்த அன்று சமையலறைக்கு வந்து, கேட்காமலேயே பாத்திரம் கழுவினாள். அன்றே தோமஸுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு பாக்கெட் புழுக்கையால் போகப்போகிறதா?

"முதல்ல இதைக் குடிங்க" என்று வினிஃப்ரெட் ஒரு கோப்பையை நீட்டினாள்.

அது சம்பந்தி வீட்டுச் சத்து பானம். கொடுத்த தட்டுகளை வெறும் தட்டாகத் திருப்பித் தரக்கூடாது என்பது முறை. எவ்லினின் அண்ணன் ஆரோக்கியம், யோங் பெங்கில் கடை வைத்திருப்பவர், நேற்று முன்தினம் ஜோகூர் பாரு போகிற வழியில் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு தட்டில் வெள்ளைப் பாக்கெட் ஒன்று இருந்தது. அதன் மேல் இரண்டு பிறைநிலாவை ஒட்டவைத்த மாதிரி ஒரு தங்கச் சுழி. அதற்குக் கீழே தூண் தூணாகத் தங்க எழுத்து. "சிங்கப்பூர் சரக்கு. காலையில வெறும் வயித்துல, வெந்நீர்ல கலக்கி" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பிவிட்டார். படம் எடுத்து அனுப்பியதும் ஜாக்லின் துள்ளினாள். "அம்மா! அதே எழுத்து! கில்பர்ட் வீட்டுக்கு என்ன டேஸ்ட்டு பாத்தீங்களா?"

வினிஃப்ரெட்டுக்கு மைலோ போதும். ஆகவே சிங்கப்பூர்ச் சத்து முழுவதும் தோமஸுக்கே வாய்த்தது.

"கசக்குது" என்றார் முகத்தைச் சுளித்து.

"விலை ஜாஸ்தியான சாமான் கசக்கத்தான் செய்யும். முழுசாக் குடிங்க."

குடித்துவிட்டு எவ்லினுக்குப் போன் போட்டார்.

"சம்மந்தி, நம்ம தட்டுல ஒரு கறுப்புப் பாக்கெட்டு இருந்திச்சில்ல? அதைத் திறந்துட்டீங்களா?"

"அன்னைக்கே திறந்தாச்சே! பக்கத்து வீட்டு வாசுகிக்கும் கொஞ்சம் கொடுத்தேன்."

தோமஸுக்குக் கண் இருண்டது. இனிமேல் கொடுக்காமல் தடுக்க வேண்டும். அவசரத்தில் ஒரு பொய்யைப் பிடித்தார். "அது ரொம்ப உசந்த சரக்கு சம்மந்தி. கண்டவங்களுக்குக் கொடுத்துடாதீங்க. அப்படியே எடுத்து பத்திரமா வெச்சிடுங்க."

"அவ்வளவு உசத்தியா? அப்ப சரி. சனிக்கிழமை வீடு மந்திரிக்க ஃபாதர் வர்றாரு. மிச்சத்தை அவருக்குக் கொடுத்துடறேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னோடு நின்றது. தோமஸ் ஃபாதரையும் சேர்த்து இழுத்துவிட்டார்.

"நீங்க பேசினது போதும்" என்று வினிஃப்ரெட் மறுநாள் போனை வாங்கிக்கொண்டாள். "சம்மந்தியம்மா, அந்தப் பாக்கெட்டுல பூச்சி இருக்குன்னு கம்பெனியில திருப்பிக் கேக்கறாங்க. எடுத்து வெச்சிடுங்க, நாங்க வந்து வாங்கிக்கிறோம்."

"பூச்சியா? அதுக்கெதுக்குத் திருப்பணும்? இதோ, இப்பவே முறத்துல கொட்டி வெயில்ல காயவெச்சிடறேன். ஃபாதருக்குக் கொடுக்கறது சுத்தமா இருக்கணும்ல?"

போனை வைத்துவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து பாகாட்டின் நடுவே, நல்ல வெயிலில், முறத்தில் புழுக்கைத் தூள் காய்ந்துகொண்டிருந்தது. வினிஃப்ரெட் எழுந்து போய் வெந்நீர் வைத்தாள்.

ஜாக்லினிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டதும் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, எப்படியாவது சரி பண்ணுங்கப்பா. எனக்கு கில்பர்ட் வேணும்."

சின்ன வயதில் பொம்மை கேட்டபோதுகூட அவள் இப்படிக் கேட்டதில்லை. தோமஸ் அப்போதே முடிவு செய்துவிட்டார். சம்பந்தியம்மாவின் சமையலறையில் திருடியாவது அந்தப் பாக்கெட்டை மீட்பது.

திட்டம் எளிமையானது. குளுவாங்கில் நல்ல காப்பித் தூள் வாங்கினார். மிச்சமிருந்த வெற்றுக் கறுப்புப் பை ஒன்றில் அதை நிரப்பினார். இந்தப் பையை அங்கே வைத்துவிட்டு, புழுக்கைப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். எழுத்து ஒன்று, பை ஒன்று. யாருக்குத் தெரியப்போகிறது?

சனிக்கிழமை காலையில் வழக்கமான கசப்பைக் குடித்துவிட்டு இருவரும் மைவி காரில் கிளம்பினார்கள். பயத்தில் தோமஸுக்கு வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது. குளுவாங்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார். ஆயர் ஹீத்தாமில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார். அதற்குப் பிறகு பெட்ரோல் நிலையம் வராத இடத்திலும் நிறுத்தினார்.

"இந்த நாலு நாளா உங்களுக்கு இதே வேலையாப் போச்சு" என்றாள் வினிஃப்ரெட்.

"பொண்ணைப் பெத்தவன் வயிறு, அப்படித்தான் இருக்கும்."

எவ்லின் வீட்டில் கூட்டமாக இருந்தது. ஆரோக்கியம் ஒரு மூலையில் உட்கார்ந்து கறிபாப் தின்றுகொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்தன்றும் அந்த மனிதர் இப்படித்தான், சபையில் உட்காராமல் பின்பக்கம் போய் ஆட்டுக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். வினிஃப்ரெட் எவ்லினைப் பிடித்து முகூர்த்தப் புடவை நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். தோமஸ் கைகழுவும் சாக்கில் சமையலறைக்குள் நுழைந்தார்.

அலமாரித் தட்டில் கறுப்புப் பை இருந்தது. தன் பையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பழையதை எடுக்கக் கை நீட்டிய நேரத்தில் பக்கத்து வீட்டு வாசுகி துணியும் கையுமாக உள்ளே வந்தாள்.

"தள்ளுங்க அங்கிள், ஃபாதர் வர்றதுக்குள்ள இதைத் துடைச்சிடறேன்."

இரண்டு பைகளையும் தூக்கினாள். தட்டைத் துடைத்தாள். இரண்டையும் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எது எது?

தோமஸ் இந்தப் பையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே கனம். முகர்ந்தார், பையின் வாய் இறுக்கமாக மூடியிருந்தது. எழுத்தையாவது உற்றுப் பார்ப்போம் என்று மூக்குக் கண்ணாடியை மாட்டினார். இங்கே ஒரு வரிசைத் தூண். அங்கே ஒரு வரிசைத் தூண். பெற்ற மகள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அது படிப்பதற்கான எழுத்தே இல்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவது என்று தீர்மானித்து, கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அதே நேரத்தில் வாசலில் ஃபாதர் காலெடுத்து வைத்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நின்றவர்கள் எல்லோரும் தோமஸைப் பார்த்தார்கள்.

எவ்லின் மெதுவாகக் கேட்டார். "சம்மந்தி, தட்டுல வெச்சதைத் திருப்பி எடுத்துட்டுப் போறீங்களா?"

கொடுத்த சீரைத் திருப்பி எடுப்பவனைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று சொல்லவும் வேண்டுமா?

"ஐயோ இல்ல சம்மந்தியம்மா" என்று வினிஃப்ரெட் குறுக்கே பாய்ந்தாள். "ஃபாதருக்கு அவர் கையாலயே கோப்பி கலக்கணும்னு ஆசைப்பட்டாரு. அதான் எடுத்தாரு."

மனைவியை இப்படி ஒரு பார்வை பார்க்கலாம் என்பதே தோமஸுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்படியா! வாங்க சம்மந்தி, நானும் கூட வர்றேன்" என்று எவ்லின் அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போனார்.

தோமஸ் மனதுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு ஒரு பையைப் பிரித்தார். கமகமவென்று காப்பி வாசம் வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. இது தன்னுடைய பைதான்! அளந்து அளந்து பானையில் போட்டார். மற்றதை எப்படி மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எவ்லின் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு பேருக்கு இது பத்தாதுலா" என்று மற்றப் பையைப் பிரித்து, கையளவுத் தூளை அள்ளி அதே பானையில் கொட்டினார். தோமஸ் "வேணாம்" என்று வாயைத் திறப்பதற்குள் எவ்லின் கொதிநீரை ஊற்றிக் கலக்கிவிட்டார்.

கோப்பைகள் கூடத்துக்குப் போயின. ஃபாதர் முதல் கோப்பையை எடுத்தார். ஊதினார். உதட்டருகே கொண்டுபோனார்.

தோமஸ் பாய்ந்தார். ஃபாதரின் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கி, சுடச்சுட ஒரே மடக்கில் குடித்தார். அப்படியே ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பி, அவர் கையில் இருந்ததையும் பிடுங்கிக் குடித்தார். வாசுகி தன் கோப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

குடித்தது காப்பி மாதிரியே இருந்தது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. ஜாக்லினின் எழுத்துக்கு இவ்வளவு சக்தியா, புழுக்கையின் ருசியையே மாற்றிவிட்டதே!

"தோமஸ், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் ஃபாதர்.

தோமஸ் அங்கேயே முழங்காலிட்டார். இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"ஃபாதர், இதைப் பாவசங்கீர்த்தனம்னே வெச்சுக்குங்க. நாங்க நிச்சயத் தட்டுல வெச்சது கோப்பி இல்ல. ஆட்டுப் புழுக்கை. எழுத்து அழகா இருக்குன்னு வினி தெரியாம வெச்சிட்டா. அஞ்சு நாளா நான் சொன்னது எல்லாம் பொய்யி." எவ்லின் பக்கம் திரும்பினார். "சம்மந்தி, தப்பு எங்களோடது. எங்க பொண்ணு மேல இதுல எந்தத் தப்பும் இல்ல. அவளுக்குக் கில்பர்ட்னா உசுரு. நாளைக்கு ஓலையை மட்டும் நிறுத்திடாதீங்க."

எவ்லின் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தார் தோமஸ். பிறகுதான் சிரிப்புச் சத்தம் வெளியே வந்தது.

"எந்திரிங்க சம்மந்தி! எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா?"

"அந்த எழுத்தை யாரு படிக்கிறது? கண்ணாடி போட்டாலும் வேலிக் கம்பு மாதிரிதான் தெரியுது. திறந்து மோந்து பாத்தேன். எஸ்டேட்டுல பொறந்தவளுக்கு ஆட்டுப் புழுக்கை வாசம் தெரியாதா? ரோசாச் செடிக்குப் போட்டேன். வாசுகி அவ கருவேப்பிலை மரத்துக்குக் கேட்டு வாங்கிட்டுப் போனா. மிச்சத்தைக் காயவெச்சுக் கோயில் தோட்டத்துக்குன்னு கட்டி வெச்சிருக்கேன். உள்ள வேற பிளாஸ்டிக் பை இருந்துச்சா, வெளிப் பை புதுசாட்டம் இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல, நம்ம கோப்பித் தூளைப் போட்டு வெச்சேன்."

"அப்ப நான் குடிச்சது?"

"நம்ம ரெண்டு வீட்டுக் கோப்பியும் கலந்தது."

தோமஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எவ்லின் குனிந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"ஊர்ல எல்லாரும் தட்டுல ஆப்பிளும் கேக்கும்தான் வெக்கிறாங்க. எனக்குத் தோட்டம்னா உசுருன்னு விசாரிச்சு வெச்சிருக்காங்களேன்னு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா?"

"அந்தச் சர்பத்து, எறும்பு..." என்று வினிஃப்ரெட் பயந்து பயந்து இழுத்தாள்.

"அந்தப் புள்ளைக்கு வேற ஒருத்தன் மேல ஆசை. வீட்டுல வாய் திறக்க முடியாம என்கிட்ட வந்து அழுதா. அவ பேரு கெடக்கூடாதுன்னு எறும்பு மேல பழியைப் போட்டேன். விடுங்க. நாளைக்கு ஓலை வாசிக்கிறாங்க, எல்லாரும் கோயிலுக்கு வந்து சேருங்க."

வினிஃப்ரெட் அழுதாள். ஃபாதர் தனக்கு இன்னொரு கோப்பை கிடைக்குமா என்று கேட்டார். தோமஸுக்கு ஐந்து நாளாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. வயிறு மட்டும் ஏனோ இன்னும் கடமுட என்றது. பயம் போன பிறகும் இது ஏன் போகவில்லை என்று யோசித்தபடி அதைத் தடவிக்கொண்டார்.

மூலையில் இருந்த ஆரோக்கியம் கடைசிக் கறிபாப்பை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அது கெடக்குது சம்மந்தி, உங்க ஆடுங்க மெலிஞ்சு கெடந்துச்சேன்னு நான் வெள்ளைப் பாக்கெட்டுல மருந்து வெச்சு அனுப்புனேனே, தினமும் கலக்கிக் கொடுக்கறீங்களா, பூச்சி விழுந்துச்சா?"